பழைய கணினி, புதுத் திரை: கணக்கு எங்கே இடிக்கிறது?

2004 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு மேசைக் கணினியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இன்டெல் 865ஜி சிப்செட். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதோடு வாங்கிய கண்ணாடிக் குழாய் மானிட்டர் என்றோ உயிரை விட்டிருக்கும். அந்த இடத்தில் 1920×1080 பிக்சல் கொண்ட புது எல்சிடி மானிட்டர் ஒன்றை வைத்து, நீலத்தலை விஜிஏ கேபிளைச் சொருகினால் படம் வந்துவிடும். வந்த படம்தான் சரியாக இருக்காது. எழுத்துகள் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோலப் பருத்திருக்கும், வட்டம் முட்டை வடிவமாகும், கோடுகளின் ஓரத்தில் சாம்பல் பூசியிருக்கும். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் 1024×768 இலோ 1280×1024 இலோ முடிந்துபோகும். 1920×1080 என்ற வரியே அங்கே இருக்காது. பார்த்தவர் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “பழைய மெஷின், இவ்வளவு பெரிய திரையை அது தாங்காது.” இந்தத் தீர்ப்பு பெரும்பாலான நேரங்களில் தவறு. கணினிக்கும் திரைக்கும் நடுவே நடப்பது ஒரு நேர ஒப்பந்தம். ஒப்பந்தம் கூடாமல் போவதற்குப் பலக்குறைவு காரணமாவது அபூர்வம். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாததே வழக்கமான காரணம். எது பலக்குறைவு, எது காதில் விழாத குறை என்பதைச் சில பெருக்கல் கணக்குகளிலேயே பிரித்துவிடலாம்.

விஜிஏ கேபிளுக்குள் உண்மையில் என்ன ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களுக்கு மூன்று கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறியிறங்கும் ஒரு மின்னழுத்தம். கூடவே இரண்டு கம்பிகளில் துடிப்புகள்: ஒன்று “இந்த வரி முடிந்தது” என்கிறது, மற்றொன்று “இந்தச் சட்டம் முடிந்தது, மறுபடி மேலிருந்து தொடங்கு” என்கிறது. படத்துக்கு வேண்டிய செய்தி அவ்வளவுதான். எத்தனை பிக்சல், திரை எந்த வடிவம், எந்தப் புள்ளி எந்த இடத்தில் என்று இந்த ஐந்து கம்பிகளும் சொல்வதே இல்லை. அகலம் என்பது அங்கே காலமாக மாறியிருக்கிறது: வரி தொடங்கிச் சற்று நேரத்தில் வரும் மின்னழுத்தம் இடது ஓரம், வரி முடியப்போகும்போது வருவது வலது ஓரம். ஐபிஎம் நிறுவனம் 1987 இல் பிஎஸ்/2 கணினிகளோடு இந்த ஏற்பாட்டை வெளியிட்டபோது, எதிர்முனையில் இருந்தது எலெக்ட்ரான் கற்றை. ஒரு வரியைப் படித்து முடித்த கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவதுபோல, அந்தக் கற்றையும் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் எதையும் வரையக் கூடாது.

அதனால்தான் 640×480 என்று நாம் சொல்லும் அளவு, கேபிளுக்குள் 800×525 ஆக ஓடியது. கூடுதலாக உள்ள 160 புள்ளிகளும் 45 வரிகளும் கற்றை திரும்புவதற்கு விட்ட வெற்று நேரம். 800×525 புள்ளிகளை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அனுப்ப, நொடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் துடிப்புகள் வேண்டும், அதாவது 25.175 மெகாஹெர்ட்ஸ். இதற்குப் பிக்சல் கடிகாரம் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த வகை எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். திரையின் அங்குல அளவு இங்கே எதற்கும் உதவாது. 1920×1080 க்கும் இதே கணக்குதான். தொலைக்காட்சித் தரத்தின்படி அது 2200×1125 ஆக ஓடுகிறது. நொடிக்கு 60 சட்டம் என்றால் 148.5 மெகாஹெர்ட்ஸ். எல்சிடியில் கற்றையும் இல்லை, அது திரும்பவும் வேண்டியதில்லை. ஆனாலும் வெற்று நேரம் ஒட்டிக்கொண்டே வந்தது. கணினி உலகின் பொது வாய்பாடு 1080 வரித் திரைக்கு 173 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டது, அதில் கால் பங்குக்கும் மேல் வெறும் காத்திருப்பு. கண்ணாடிக் குழாய் போன பிறகும் அதற்கான வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. 2003 இல் வெசா என்ற தரநிர்ணய அமைப்பு, வெற்று நேரத்தைக் குறைத்த மாற்று வாய்பாட்டை வெளியிட்டது. அதன்படி அதே திரைக்கு 138.5 மெகாஹெர்ட்ஸ் போதும்.

இப்போது 865ஜி மீது போடப்பட்ட குற்றச்சாட்டை விசாரிக்கலாம். எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தரும் பகுதி அந்தச் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் உச்ச வேகம் 350 மெகாஹெர்ட்ஸ். தேவை 148.5. பாதிக்கும் குறைவு. அடுத்தது நினைவகம். திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலும் எங்காவது எண்ணாக இருக்க வேண்டும். பிக்சலுக்கு 4 பைட் என்றால் 1920×1080 க்கு 82,94,400 பைட், ஏறத்தாழ 8 மெகாபைட். 865ஜி தன் தேவைக்கு முதன்மை நினைவகத்திலிருந்தே கடன் வாங்கிக்கொள்ளும், 8 மெகாபைட் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆக, அந்தக் கணினிக்குப் பலம் இருக்கிறது. உண்மையிலேயே பலமில்லாத கணினி எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடுவது நல்லது. 1990களில் வந்த, 4 மெகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஒரு வீடியோ கார்டு. நான்கு பைட் வண்ணத்துக்கு அதில் இடமே இல்லை. இரண்டு பைட் வண்ணத்துக்கு, அதாவது 65,536 நிறங்களுக்கு, 41,47,200 பைட் தேவை. 4 மெகாபைட் என்பது 41,94,304 பைட். மயிரிழையில் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த நினைவகம் முழுவதையும் நொடிக்கு 60 முறை படித்தாக வேண்டும். நொடிக்குக் கிட்டத்தட்ட 25 கோடி பைட். அந்தக் காலத்து நினைவகச் சில்லுகள் இந்த வேலையிலேயே மூச்சு முட்டிப்போகும். இதுதான் நிஜமான சுவர். மென்பொருளை மாற்றி இதைத் தாண்ட முடியாது.

865ஜிக்கு அப்படி ஒரு சுவர் இல்லை என்றால் பட்டியல் ஏன் பாதியில் நிற்கிறது? பட்டியலை எழுதியவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், அதனால்தான். கணினி உயிர்பெறும்போது முதலில் ஓடும் வீடியோ பயாஸ் என்ற சிறு நிரலுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது: இந்த எண்ணைக் கேட்டால் 800×600, இந்த எண்ணைக் கேட்டால் 1024×768, இந்த எண்ணைக் கேட்டால் 1280×1024. வெசா அமைப்பு இந்த எண்களை வரையறுத்த காலத்தில் கணினித் திரை என்றால் 4:3 விகிதம்தான், 1280×1024 மட்டும் சற்றே விலகிய பிள்ளை. அகலத் திரை யாருடைய மேசையிலும் இல்லை. பிறகு வெசா புது எண்கள் தருவதையே நிறுத்திவிட்டு, வேண்டியதை அவரவர் வீடியோ பயாஸே அறிவித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அட்டவணையில் எதைச் சேர்ப்பது என்பது இப்படித்தான் போர்டு தயாரிப்பாளரின் விருப்பமாகப் போனது. அந்த அட்டவணையை மட்டுமே நம்பி நடக்கும் டிரைவருக்கு, அதில் இல்லாத திரை உலகத்திலேயே இல்லாத திரை.

இதற்கு ஒரு நேரடிச் சான்று இருக்கிறது. 2000களின் நடுவில் லினக்ஸ் பயனர்கள் இன்டெலின் 8 நூறு, 9 நூறு வரிசைச் சிப்செட்டுகளோடு அகலத் திரையைப் பொருத்தத் திண்டாடியபோது, 915ரெசல்யூஷன் என்றொரு சிறு நிரல் புழக்கத்துக்கு வந்தது. அது செய்த வேலை இவ்வளவுதான்: கணினி துவங்கும்போது நினைவகத்தில் நகலாகும் வீடியோ பயாஸில், யாரும் பயன்படுத்தாத ஓர் அளவின் வரியை எடுத்து, அதன் மேல் நமக்கு வேண்டிய அளவின் எண்களை எழுதியது. கணினியை அணைத்தால் அந்தத் திருத்தம் போய்விடும். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை, ஒரு சில்லுகூட மாற்றப்படவில்லை. அட்டவணையில் சில பைட்டுகள் மாறியதும், நேற்றுவரை “தாங்காது” என்று ஒதுக்கப்பட்ட கணினி முழு அகலத்துக்கும் படம் வரைந்தது. தாங்காதது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனையை ஆய்வகத்தில்கூட அமைத்திருக்க முடியாது.

அட்டவணை பழையதாக இருந்தாலும், திரையே தன்னைப் பற்றிச் சொன்னால் கணினி கேட்டுக்கொள்ளலாமே? சொல்கிறது. 1994 இல் வெசா வகுத்த ஈடிஐடி என்ற ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் 128 பைட் கொண்ட ஒரு ஜாதகம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் எட்டு பைட்டும் எல்லா மானிட்டருக்கும் ஒன்றே: 0, அடுத்து ஆறு முறை 255, மறுபடி 0. பிறகு தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்து, தயாரித்த ஆண்டு, திரையின் நீள அகலம், நிறப் பண்புகள், ஏற்கும் அளவுகள். முடிவில் ஒரு சரிபார்ப்பு பைட். 128 பைட்டையும் கூட்டினால் வரும் எண் 256 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மானிட்டர் மிகவும் விரும்பும் அளவு 18 பைட் கொண்ட ஒரு துண்டில் விரிவாக இருக்கும். சாதாரண 1920×1080 மானிட்டரில் அந்தத் துண்டு பெரும்பாலும் 2, 58 என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்குகிறது. 58 ஐ 256 ஆல் பெருக்கி 2 ஐக் கூட்டினால் 14,850. அலகு 10 கிலோஹெர்ட்ஸ். மேலே பார்த்த அதே 148.5 மெகாஹெர்ட்ஸ்தான் இங்கே இரண்டு பைட்டாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் ஆறு பைட்டுகளில் 1920 தெரியும், 280 வெற்று, 1080 தெரியும், 45 வெற்று என்ற முழு விவரமும் அடங்கிவிடுகிறது.

இந்த ஜாதகம் கணினிக்குப் போய்ச் சேரும் வழிதான் பலவீனமானது. விஜிஏ இணைப்பின் 15 பின்களில் 12 ஆவதும் 15 ஆவதும் இதற்காக ஒதுக்கப்பட்டவை. படத்துக்கு இந்த இரண்டும் தேவையே இல்லை. அதனால் விலையைக் குறைக்க நினைக்கும் கேபிள் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது இவற்றின் மேல்தான். ஒரே மானிட்டரை இரண்டு கணினிகளுக்கு மாற்றித் தரும் சுவிட்சுகளும், ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் பெட்டிகளும் பல நேரம் இந்தக் கம்பிகளை அந்தரத்தில் விட்டுவிடுகின்றன. பழைய நீட்சிக் கேபிள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேச்சு வராத மானிட்டர் எதிரே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது. எந்த மானிட்டரும் தாங்கக்கூடிய 800×600 அல்லது 1024×768 க்கு அடக்கமாக இறங்கிவிடுகிறது. அப்படி இறங்குவது முட்டாள்தனமான முடிவு என்று சொல்ல முடியாது. எதிரே இருப்பது 1990 இன் மானிட்டராகவும் இருக்கலாமே. ஆனால் அமைப்புப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு இந்தத் தயக்கம் தெரியாது. பட்டியல் குட்டையாக இருப்பது மட்டுமே தெரியும்.

ஜாதகம் போய்ச் சேர்ந்தாலும் அதை எழுதும் மொழிக்குச் சில குறுக்கல்கள் உண்டு. ஈடிஐடியில் ஓர் அளவை இரண்டே பைட்டில் சொல்லும் சுருக்க முறை ஒன்று இருக்கிறது. அதில் அகலத்தைக் காண, முதல் பைட்டோடு 31 ஐக் கூட்டி 8 ஆல் பெருக்க வேண்டும். ஒரு பைட்டின் உச்சம் 255; ஆகவே இந்த முறையில் சொல்ல முடிந்த மிகப் பெரிய அகலம் 2288. 2560 பிக்சல் அகலத் திரை இதில் இடம்பெறவே முடியாது. அகலம் 8 இன் மடங்காக இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. ஒரு காலத்தில் மலிவு மடிக்கணினி, மலிவு மானிட்டர் எல்லாவற்றிலும் இடம்பிடித்த 1366×768 திரையை நினைத்துப் பாருங்கள்: 1366 எட்டால் வகுபடாது. விஜிஏ கால வன்பொருள் கிடைமட்டத்தை எழுத்து எழுத்தாக, எட்டெட்டுப் புள்ளியாக எண்ணிப் பழகியது. எனவே பழைய கணினிகள் 1360 என்றோ 1368 என்றோ அனுப்பின. ஓரத்தில் மூன்று மூன்று பிக்சல் கறுப்பாக நின்றது, அல்லது படம் முழுவதும் இம்மி அளவுக்கு இழுக்கப்பட்டு எழுத்தெல்லாம் மங்கியது. திரைத் தயாரிப்புக்கு வசதியான ஓர் எண், மென்பொருள் எழுதுபவர்களுக்குப் பல ஆண்டு தலைவலியானது.

நேர ஒப்பந்தம் என்று சொன்னதற்கான வலுவான ஆதாரம் திரையின் பக்கத்தில் கிடைக்கிறது. விஜிஏ கேபிளில் பிக்சல் கடிகாரம் வருவதில்லை. வரி முடிந்த துடிப்பு மட்டுமே வருகிறது. ஒரு வரிக்குள் எத்தனை புள்ளி இருந்தது என்பதை மானிட்டர் ஊகிக்கத்தான் வேண்டும். ஐபிஎம் காலத்திலேயே இந்தச் சங்கடம் இருந்தது. 350 வரிப் படமும் 400 வரிப் படமும் ஒரே வேகத்தில், ஒரே 449 வரிச் சட்டத்தில் வந்தன. வேகத்தைப் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. எனவே இரண்டு துடிப்புகளும் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதையே ரகசிய அடையாளமாக வைத்தார்கள். அகலத்துக்கு அந்த அடையாளமும் கிடையாது. டாஸ் எழுத்துத் திரையின் 720×400 உம், பழைய விளையாட்டுகளின் 640×400 உம் கேபிளில் ஒரே முகத்தோடு வரும். பெரும்பாலான எல்சிடிகள் 720 என்றே வைத்துக்கொள்கின்றன. 640 ஆக வந்த விளையாட்டு அதனால் கலங்கித் தெரிகிறது. பின்னாளில் 1400×1050 க்கும் 1680×1050 க்கும் இதே குழப்பம். இரண்டிலும் மொத்த வரிகள் 1089. வரி வேகம் ஒன்று 65.32 கிலோஹெர்ட்ஸ், மற்றது 65.29. இந்த நூலிழை வித்தியாசத்தை நம்ப முடியாது என்பதால் 2003 இன் வாய்பாட்டில் செங்குத்துத் துடிப்பின் தடிமனையே அடையாளமாக்கினார்கள்: 4:3 திரைக்கு 4 வரி, 16:9 க்கு 5 வரி, 16:10 க்கு 6 வரி. பழைய டிரைவர் இந்த மரியாதையைக் கடைப்பிடிக்காவிட்டால் புது மானிட்டர் அகலத் திரையைச் சதுரத் திரை என்று எண்ணி ஏமாறுகிறது.

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நெருக்கமாக நிற்கும் ஒரு படத்தைத் திரையில் விரியுங்கள். கணினி ஒரு வரியை 2200 புள்ளியாக அனுப்ப, மானிட்டர் அதை 2196 இடத்தில் மட்டும் அளந்தால், படத்தின் சில இடங்களில் அளவெடுப்பு புள்ளியின் நடுவில் விழும், சில இடங்களில் இரண்டு புள்ளிக்கு இடையே விழும். நடுவில் விழுந்த இடம் தெளிவு, இடையில் விழுந்த இடம் சாம்பல். இப்படி மேலிருந்து கீழாகச் சாம்பல் பட்டைகள் தோன்றும். ஒரு முழு வரி நேரத்துக்கு எத்தனை பட்டையோ, அத்தனை புள்ளி வித்தியாசம். மானிட்டரின் மெனுவில் “கிளாக்” என்றிருப்பது இந்த எண்ணிக்கையைச் சரிசெய்யும். பட்டைகள் போன பிறகும் எழுத்து நடுங்கினால் “ஃபேஸ்” என்பதைத் திருப்ப வேண்டும். அது எண்ணிக்கையைத் தொடாமல் அளக்கும் தருணத்தை மட்டும் முன்பின் தள்ளும். “ஆட்டோ” பொத்தான் இரண்டையும் தானே செய்யப் பார்க்கும். ஆனால் வெற்றுக் கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் அதற்கு எதைப் பிடித்து அளப்பது என்று தெரியாது. ஓரம்வரை நிரம்பிய வெளிச்சமான படம் இருக்கும்போது அழுத்த வேண்டும். விஜிஏ என்றாலே மங்கல்தான் என்ற குற்றச்சாட்டில் ஒரு பாதி இந்தச் சரிசெய்தல் இல்லாததால் எழுந்தது. மறுபாதி உண்மை. கேபிள் நீண்டு காப்புறை மெலிந்தால், 6.7 நானோ நொடிக்கு ஒரு புள்ளி என்ற வேகத்தில் ஓரங்கள் மழுங்கத்தான் செய்யும்.

பட்டியலில் இல்லாத அளவைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் திரை எரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைக் கேலி செய்யக் கூடாது. கண்ணாடிக் குழாய் மானிட்டரில் கற்றையை இழுக்கும் மின்சுற்றும் உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் சுற்றும் வரி வேகத்தோடு பிணைந்திருந்தன. குறிப்பிட்ட வேகத்துக்கென்றே செய்த பழைய மானிட்டருக்குத் தவறான வேகத்தை ஊட்டினால் சுற்று சூடேறிப் பழுதாக வாய்ப்பிருந்தது. லினக்ஸில் மோட்லைன் என்ற பெயரில் இந்த எண்களைக் கையால் எழுதிய காலத்தில், கையேடுகளே இதை எச்சரித்தன. எல்சிடியில் அந்தப் பிணைப்பு இல்லை. உள்ளே ஒரு சில்லு முதலில் துடிப்புகளின் வேகத்தை அளக்கிறது. தன் எல்லைக்குள் வராவிட்டால் படத்தையே கொடுக்காமல், எல்லை மீறியது என்ற அறிவிப்பை மட்டும் காட்டி நிற்கிறது. விண்டோஸும் புது அளவை ஏற்றுக்கொண்டதாக நீங்கள் சொல்லாவிட்டால் 15 நொடியில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். எனவே லினக்ஸின் எக்ஸ்ரேண்டர் கட்டளை வழியாகவோ, விண்டோஸில் அதற்கென உள்ள கருவிகள் வழியாகவோ புது அளவைச் சேர்த்துப் பார்ப்பது எல்சிடிக்கு ஆபத்தில்லாத முயற்சி. வீட்டில் இன்னும் கண்ணாடிக் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

இன்னொரு கட்சி, இவ்வளவு கணக்கு எதற்கு, ஓர் அடாப்டர் வாங்கினால் முடிந்தது என்கிறது. அடாப்டர் பலத்தைக் கூட்டுவதில்லை. ஒரு மொழியை இன்னொரு மொழியாக்குகிறது, அவ்வளவே. அதிலும் திசை முக்கியம். கணினியின் எச்டிஎம்ஐயை மானிட்டரின் விஜிஏக்கு மாற்றும் கம்பி எண்ணை மின்னழுத்தமாக்குகிறது. கணினியின் விஜிஏயை மானிட்டரின் எச்டிஎம்ஐக்கு மாற்றுவது மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்குகிறது. முன்பு மானிட்டர் செய்த அதே ஊகத்தை இப்போது இந்தச் சிறு பெட்டி செய்ய வேண்டும், அதற்குப் பெரும்பாலும் தனி மின்சாரமும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் “விஜிஏ – எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்” என்று மட்டும் கேட்டால் இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. எது கணினிப் பக்கம், எது திரைப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மட்டும் வெறும் கம்பி போதும், இரண்டும் பேசுவது அடிப்படையில் ஒரே மொழி. பழைய விஜிஏ கணினிக்கும் விஜிஏ துளையே இல்லாத புது மானிட்டருக்கும் நடுவில் அடாப்டர் தவிர்க்க முடியாதது என்பதை மறுக்கவில்லை. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து 2015 க்குள் விஜிஏயை ஒதுக்கிவிடப் போவதாக அறிவித்ததன் விளைவை இன்று எல்லாக் கடைகளிலும் பார்க்கலாம். ஆனால் அடாப்டர் மாட்டிய பிறகும் படம் குட்டையாகவே வந்தால், அடாப்டர் ஜாதகத்தை அந்தப் பக்கம் கடத்துகிறதா என்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சுவர் நிஜமாகவே இருக்கும் இடங்களிலும் பேரம் பேச இடமுண்டு. பிக்சல் கடிகாரத்தை அறிந்தவருக்குக் கிடைக்கும் லாபம் இதுதான். 1999 இல் வந்த டிவிஐயின் ஒற்றை இணைப்பு 165 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகும். 1920×1200 திரை, வெற்று நேரம் குறைத்தால் 154 க்குள் அடங்கிவிடும், குறைக்காவிட்டால் அடங்காது. 2012 இல் வந்த இன்டெலின் மூன்றாம் தலைமுறை கோர் மடிக்கணினியை 2560×1440 மானிட்டரோடு எச்டிஎம்ஐயில் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எச்டிஎம்ஐ எல்லை 225 மெகாஹெர்ட்ஸ். திரை கேட்பதோ, வெற்று நேரம் குறைத்த பிறகும், 241.5. பதினாறரை மெகாஹெர்ட்ஸ் துண்டு விழுகிறது. பட்டியலில் அந்த அளவு வராதது இங்கே நியாயமே. ஆனால் நொடிக்கு 60 சட்டத்தை 55 ஆக்கினால் தேவை ஏறத்தாழ 221.4 ஆகிவிடும், எல்லைக்குள் வந்துவிட்டது. மானிட்டர் 55 ஐ ஏற்குமானால் ஒரு பிக்சல்கூட விடாமல் முழுத் திரையும் கிடைக்கும். கண்ணாடிக் குழாயில் 55 என்றால் கண் கூசும் அளவுக்கு மினுக்கும். எல்சிடியின் பின்னொளி சட்ட வேகத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை, ஆகவே மினுக்கல் இல்லை. 4கே திரைக்கு இதே பேரம் சற்றுக் கசக்கும்: அது 60 சட்டத்துக்கு 594 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறது, எச்டிஎம்ஐ 1.4 தர முடிந்தது 30 சட்டத்துக்கான 297. படம் வரும், ஆனால் சுட்டியை நகர்த்தினால் அது கைக்குப் பின்னால் தள்ளாடி வருவது கண்ணுக்குத் தெரியும். இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே 1920×1080 அனுப்புவதே மேல். 4கே திரையின் 3840×2160 இல் ஒவ்வொரு புள்ளியும் சரியாக இரண்டுக்கு இரண்டாகப் பொருந்திவிடும்.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு. முழு அளவுப் படம் வந்துவிட்டாலும் அந்தப் பழைய கணினி என்ன செய்துவிடப் போகிறது? பென்டியம் 4 கணினியில் 1080 வரி வீடியோவை ஓட்டினால் திணறும். இன்றைய இணையதளங்கள் அதற்குப் பெரும் சுமை. விண்டோஸ் எக்ஸ்பியோடு இணையத்துக்குப் போவது பாதுகாப்பும் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இவை கணக்கிடும் வேகத்தைப் பற்றிய குறைகள், காட்டும் திறனைப் பற்றியவை அல்ல. நிலையான ஒரு பக்கத்தை 1920×1080 இல் காட்டுவதற்குச் செயலியிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. கணக்குப் பேரேடு, பழைய டாலி, டிடிபி வேலை, ஏதோ ஓர் இயந்திரத்தை இயக்கும் பழைய மென்பொருள் என்று இணையமே தேவைப்படாத வேலைகளுக்கு அந்தக் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1024×768 இல் 7,86,432 பிக்சல், 1920×1080 இல் 20,73,600. இரண்டரை மடங்குக்கும் மேலான இடம் கண்முன்னால் இருக்கும்போது, காசு கொடுத்து வாங்கிய அந்த இடத்தைப் பருத்த எழுத்துகளுக்குத் தாரை வார்க்க வேண்டியதில்லை.

எனவே கடைக்காரர் “மெஷினை மாத்திடுங்க சார்” என்று சொல்லும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: இந்தத் திரைக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும், இந்த இணைப்பு எத்தனை தரும், படத்தை வைக்க நினைவகம் எத்தனை. இணைப்பிலோ நினைவகத்திலோ கணினி தோற்றால் அவர் சொல்வது சரி. தோற்காவிட்டால் முதலில் கேபிளின் தலையைத் திருப்பி 12 ஆவது, 15 ஆவது பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் ஒரு முறை வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், அந்தக் கம்பிகள் உள்ளே இணைக்கப்படாமலும் இருக்கலாம். அடுத்து அந்தச் சிப்செட்டுக்குக் கடைசியாக வந்த டிரைவர். அதற்கும் மசியாவிட்டால் அளவைக் கையால் எழுதிச் சேருங்கள். 865ஜிக்கு எழுத வேண்டிய எண்கள் இவை: 148.5 மெகாஹெர்ட்ஸ், 2200 புள்ளி, 1125 வரி.